லுவானுக்கு ஏறிய போதை

"கூடப்பொறந்த அக்காவே தங்கச்சிக்கு ஊத்திக் குடுக்கிறா. இந்த அநியாயத்தைப் பார்த்தியா?"

பக்கத்தில் இருந்த தோழி கோரினின் காதோடு சொன்னாள் லுவான். காதோடு என்றுதான் பேர். மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெர்னா வீட்டில் விருந்து. காலைச் சாப்பாட்டுக்கு நேரம் கழிந்து, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் வராத பொழுது. வறுத்த கோழியும், பாலாடைக்கட்டி போட்ட சோளக் கஞ்சியும் மேசையில் ஆவி பறக்க இருந்தன. ஜார்ஜியாவில் பீச் பழம் கொட்டிக் கிடக்கிற மாதம். பீச்சும் நுரைக்கும் ஒயினும் கலந்த பானம் இல்லாமல் விருந்து ஏது?

லுவானுக்கு வெர்னா தம்பி மனைவி. லுவானின் கோபம் வெர்னாவின் தங்கை ஷெல்பி மேல். குடியை விடுவதற்காகச் சில மாதம் சிகிச்சை இல்லத்தில் இருந்துவிட்டு, போன மாதம்தான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள் அவள். அப்பேர்ப்பட்டவள் கையில் இப்போது நுரை பொங்கும் நீளக் கோப்பை.

"நமக்கென்ன வந்துச்சு, விடு," என்றாள் கோரின்.

"உனக்கு வராது. எங்க குடும்பத்து மானமில்ல போகுது."

லுவான் எழுந்து சமையலறைக்குப் போனாள். வெர்னா தோலுரித்த பீச் பழங்களை மசித்து, எலுமிச்சை பிழிந்து, ஜாடியில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் வெர்னா, அவளுக்கும் குடுக்கணுமா?"

"எல்லாரும் குடிக்கிறப்ப அவளை மட்டும் தனியா தண்ணி கிளாஸோட உட்காரச் சொல்லவா அண்ணி?"

"தண்ணி குடிச்சா செத்தா போயிடுவா?"

வெர்னா வெள்ளைத் துணி சுற்றிய பாட்டிலை எடுத்து, ஜாடிக்குள் மெல்லச் சாய்த்தாள். ரோஜா நிறத்தில் நுரை எழும்பியது.

"எவ்வளவோ சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்," என்ற லுவான், "எனக்குக் கொஞ்சம் நிறையவே ஊத்து," என்று தன் கோப்பையை நீட்டினாள்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"பிரான்ஸ் சரக்குதானே? நாக்குல பட்டதுமே தெரியுது. மலிவுச் சரக்கு எனக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியுமே."

"பிடிச்சிருந்தா இன்னும் ஊத்தறேன் அண்ணி."

பிடித்திருந்தது. மறுபடியும் ஊற்றிக்கொண்டாள். அதற்கு மறுபடியும். அவளுக்குக் கன்னம் சிவந்தது, சிரிப்பு சத்தமானது. பாதிரியார் பெண்டாட்டியின் தொப்பியைப் பற்றி ஒரு கதை சொன்னாள். நடுவில் நாக்கு கூடக் கொஞ்சம் குழறியது.

பிறகு நாற்காலியை ஷெல்பி பக்கம் திருப்பினாள்.

"ஏன் ஷெல்பி, அங்கே எல்லாரையும் உள்ளே வெச்சுப் பூட்டிடுவாங்களாமே, நிஜமா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பூட்டியிருக்கணும். பூட்டாம விட்டதால பாரு, வந்த மறு மாசமே கோப்பையும் கையுமா நிக்கிறே." லுவான் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தாள். கோரின் கோழித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேற ஏதாவது பேசலாமே."

"ஏன், உண்மை சுடுதா? பெத்த பொண்ணை உங்கிட்ட விடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருக்கியாமே. இந்தக் கோலத்துல உன்னைப் பார்த்தா நாய்க்குட்டியைக்கூட உன்னை நம்பிக் குடுக்க மாட்டார் ஜட்ஜு. உன் புருஷன் விட்டுட்டுப் போனான்னா சும்மாவா போனான்? அவனும் எத்தனை நாள்தான் தாங்குவான்?"

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

ஷெல்பி கோப்பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன். எனக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு கிடையாது," என்றாள் லுவான், பொதுவாக எல்லோரையும் பார்த்து.

விருந்து சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லுவானும் எழுந்தாள். இரண்டடி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னா, தலை கிறுகிறுங்குது. வண்டி ஓட்ட முடியும்னு தோணல. என் தம்பியைக் கொண்டுபோய் விடச் சொல்லேன்."

உள்ளேயிருந்து ஷெல்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். லுவான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதாவது ஏடாகூடமா சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதே கண்ணு. அது நான் பேசல. உள்ளே போன சரக்கு பேசுச்சு. உனக்குத் தெரியாததா?"

ஷெல்பி தன் அக்காவைப் பார்த்தாள். வெர்னா, வாசல் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து லுவானின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே தாராளமா ஓட்டிட்டுப் போகலாம் அண்ணி. ஷெல்பி வந்த அன்னைக்கே வீட்டுல இருந்த ஒயினையெல்லாம் கொட்டிட்டேன். உங்களுக்குள்ளே போனது பீச்சும், திராட்சைச் சாறும், சோடாவும்தான். அதுங்களுக்குப் பேசத் தெரியாது."