உறைந்து நிற்கும் கப்பல்கள்

“அண்ணே, எத்தன தடவ சுட்டாலும் வெடிக்க மாட்டேங்குதே!”

வட்டகொடை தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உட்கார்ந்து, போனில் விண்வெளிப் போர் விளையாடிக்கொண்டிருந்தாள் சர்மிளா. எதிரிகள் கொழும்புக்காரர்கள். இவளுடைய குண்டு நெருங்கும்போதெல்லாம் அவர்களுடைய கப்பல்கள் அப்படியே உறைந்து நின்றன.

“சிக்னல் போன கப்பல சுட முடியாதும்மா. கேம்ல அப்படி ஒரு சட்டம்,” என்றான் அண்ணன் விஜிதரன்.

“கொழும்புல எப்படிண்ணே சிக்னல் போகும்?”

“வேணும்னே டேட்டாவ ஆஃப் பண்றானுங்க.”

அதற்குள் சர்மிளாவின் கப்பல் வெடித்துச் சிதறியது. இன்றைக்கென்று பார்த்து லயத்தில் சிக்னல் முழுசாக இருந்தது.

“அந்தச் சட்டத்தத் தூக்குங்கண்ணே. நீங்க செஞ்ச கேம்தானே!”

விஜிதரன் லேப்டாப்பைத் திறந்து அந்தச் சட்டத்தை அழிக்கப் போனான். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

பனியில் சிக்னல் போய்த் தவிக்கும் லயத்துப் பிள்ளைகளை யாரும் சுடக்கூடாது என்றுதான் அந்தச் சட்டத்தையே அவன் எழுதியிருந்தான்.