பிடுங்கிய இறகு

கோழிக் கண்காட்சிப் போட்டியில் நடுவர் அவளுடைய சேவலின் வாலை விரித்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அதில் முளைத்திருந்த ஒற்றை வெள்ளை இறகைக் காலையில்தான் பிடுங்கியிருந்தாள். இந்தப் பாரம்பரிய இனத்துக்கு வால் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கோழி வளர்ப்போர் சங்கத்தின் விதி.

"இங்க ஒரு இறகைப் பிடுங்கியிருக்கீங்களே?"

"வெள்ளையா ஒண்ணு இருந்துச்சுங்க. தப்புதான். போட்டியிலேருந்து நீக்கிடாதீங்க ஐயா."

நடுவர் அவளையே பார்த்தார். "உங்க சங்கத்து விதி நேத்து வந்ததும்மா. நாங்க பார்க்கறது இந்த இனம் பிறந்த ஊரோட பழைய விதி. அதுல வெள்ளை இறகுதான் அசலுக்கு அடையாளம். அந்த அசல் அழிஞ்சே போச்சுன்னு பயந்துட்டிருந்தோம். வீட்ல இது மாதிரி இன்னும் இருக்கா?"

பத்து வருஷமாக, வெள்ளை எட்டிப்பார்த்த குஞ்சுகளை ஒன்றுவிடாமல் கறிக்கடைக்கு அனுப்பியது அவள்தான்.