பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு

அன்று காலை பத்து மணிக்கு, ஹிபாரா என்ற துறைமுக ஊரில் எதெல்மிரோவின் செல்போன் பழுதுக்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் எதெல்மிரோ. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் லிசாந்திரோ. வாசற்படியில், தெருவைப் பார்த்தபடி, லிசாந்திரோவின் மகள் யாரெமிஸ். நான்காவது ஆள் பக்கத்து வீட்டு சொராய்தா. மேசைமேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தாள். அவள் எங்கேயும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஏம்ப்பா, நீ வித்த சார்ஜர் கேபிளை என் மருமகன் அவன் மீட்டர்ல போட்டுப் பார்த்தான். சைபர் காட்டுது. உன் மீட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அப்போ போன்ல சார்ஜ் எவ்வளவு இருந்துச்சு?"

"நூறு."

"வயிறு முட்டத் தின்னவளுக்கு இன்னொரு தட்டு சோறு நீட்டினா வாங்குவாளா? போன் நிறைஞ்சிருந்தா நல்ல கேபிள்லயும் மீட்டர் சும்மாதான் கிடக்கும். இருபதுக்கு இறங்கினப்புறம் போட்டுப் பார்க்கச் சொல்லு, அக்கா."

சொராய்தா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. லிசாந்திரோ சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கேபிளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைச் சோதி."

கேபிளின் கழுத்தில் சின்ன ஒட்டுச்சீட்டு. அதில் எதெல்மிரோவின் கையெழுத்தில் 1.9 என்றிருந்தது. கேபிள் வழியாகப் பாயும் கரண்டை அளக்க பனாமாவிலிருந்து வரவழைத்த மூன்று மீட்டர்களில் இரண்டைக் கழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டவர் அவர். அதில் போட்டுப் பார்த்து, வந்த ஆம்பியரை எழுதி ஒட்டாமல் எந்தக் கேபிளையும் விற்றதில்லை. ஊர் அந்தச் சீட்டை நம்பித்தான் வாங்கியது.

நாற்பது நாளுக்கு முன் ஓல்கின் ஆஸ்பத்திரியில் லிசாந்திரோவின் மனைவி நில்தா, மகள் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். லிசாந்திரோ கட்டில் பக்கத்தில் நின்று பதினொரு முறை எண்ணை அழுத்தினார். வீட்டில் மகளிடம் இருந்த செல்போன் அணைந்தே கிடந்தது. பொழுது சாய்வதற்குள் நில்தா போய்விட்டாள்.

கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜில் போட்டேன், கேபிள் ஏற்றவில்லை என்றாள் யாரெமிஸ். கடல் கடந்து தாம்பாவில் இருக்கும் அண்ணன் ரெய்னியர், "பொய். போனை அணைச்சுட்டு பீச்சுக்குப் போயிருப்பா" என்று சொல்லி எல்லோருடைய எண்ணையும் தடுத்துவிட்டான். அப்பா அன்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கேபிள் நல்லதென்றால் யாரெமிஸ் சொன்னது பொய். கெட்டதென்றால் எதெல்மிரோ எழுதி ஒட்டியது பொய்.

"வீட்டு போனையும் கொண்டுவந்திருக்கேன்," என்றார் லிசாந்திரோ.

"அது வேண்டாம். அதுல கோளாறு இருந்தா பழி கேபிள் மேல விழும். எனக்குப் பழகின போன்லதான் பார்க்கணும்."

ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததிலிருந்து சார்ஜில் கிடந்த தன் போனை எதெல்மிரோ உருவி எடுத்தார். சார்ஜரில் மீட்டரைச் செருகினார், மீட்டரில் கேபிளை, கேபிளின் மறுமுனையில் போனை. திரை ஒரு நொடி ஒளிர்ந்தது. போனைக் குப்புற வைத்துவிட்டு அவர் வாசற்படியைப் பார்த்தார். முன்பெல்லாம் அவரும் லிசாந்திரோவும் டோமினோ ஆடிய மேசைக்கு அடியில், அவருடைய செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிய குழந்தை. இப்போது தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

மீட்டரில் எண்கள் நின்றன. 5.08 வோல்ட். 0.04 ஆம்பியர்.

"கெட்ட கேபிள்," என்றார் எதெல்மிரோ. "நான் சரியாப் பார்க்காம வித்திருக்கேன்."

"அடப்பாவி! உன் சீட்டை நம்பி ஊரே வாங்குதேடா!" என்றாள் சொராய்தா. மத்தியானத்துக்குள் இது துறைமுகம் வரைக்கும் போய்விடும் என்பது எதெல்மிரோவுக்குத் தெரியும்.

லிசாந்திரோ மேசைமேல் குனிந்தார். கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருந்தார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"நாப்பது நாளா என் பொண்ணு முகத்தைப் பார்க்காம இருந்தேனேடா!"

எழுந்துபோய்ப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரெமிஸ் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"அப்பா, நான் அன்னிக்கு..."

"கேபிள் கெட்டுப்போச்சு, மகளே. அவ்வளவுதான்."

பிறகு எதெல்மிரோவிடம் திரும்பினார். "ரெய்னியருக்கு எழுது. உன் கையாலயே எழுது."

எதெல்மிரோ தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். 'உன் தங்கை சொன்னது உண்மை. தவறு என்னுடையது' என்று முடித்துக் கையெழுத்திட்டார். லிசாந்திரோ உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை தாம்பாவுக்கு விமானத்தில் போகும் நாத்தனாரிடம் கொடுப்பதாகச் சொல்லி, சொராய்தா உறையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "வாடி, காப்பி போட்டுத் தரேன்" என்று யாரெமிஸைக் கைபிடித்து அழைத்துப் போனாள்.

லிசாந்திரோ அந்தக் கேபிளை மெதுவாகச் சுருட்டினார். இனி யாரும் எடுத்துச் சோதிக்காதபடி தன் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். வாசல்வரை போனவர், திரும்பாமலே சொன்னார்.

"உன் போன் நூறு காட்டினதை நானும் பார்த்தேன், எதெ."