இருபத்தாறு சென்டிமீட்டர்

எம்லின் முழங்காலிட்டு, தலையைக் கணப்புக்குள் நுழைத்து, அளவு நாடாவை நீட்டினார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நேற்றுப் பகல் முழுக்க நெஸ்டாவின் வேன் இந்த வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்பை ஒரு பார்வை பார்க்கலாமா என்று கதவைத் தட்டினார். வீட்டுக்காரி ஓல்வென் ஏன் எதற்கு என்று கேட்காமல் உள்ளே விட்டாள்.

குவாரித் தெருவின் இருபது வீடுகளும் ஒரே அச்சு. பாதி வீடுகளுக்குக் குளிர்காயும் விறகு அடுப்பு வைத்தவர் எம்லின்; எது எது என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நெஸ்டா இதே தொழிலுக்கு வந்தாள். வேலைக்கு அவரைக் கூப்பிடும் போன்கள் குறைந்தன. அவள் வேலை சுத்தம் என்று பப்பில் யாராவது சொன்னால், குடித்தது பாதி குடிக்காதது பாதியாக எழுந்து போய்விடுவார்.

இன்று நாடா அவர் கட்சி. புகைக்குழாய்க்கும் கணப்பின் ஓக் மர உத்தரத்துக்கும் நடுவே இருபத்தாறு சென்டிமீட்டர்தான் இருந்தது. இந்த மாதிரி ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு குறைந்தது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் விட வேண்டும். உத்தரத்தின் அடிப்பக்கம் காப்பித்தூள் நிறத்துக்குக் கருகியிருந்தது. நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது. அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஓல்வென் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

“சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன்மா” என்றார் எம்லின். “இதை வெச்சவங்களுக்குத் தொழிலே தெரியலை. இப்படியே எரிச்சா ஒருநாள் உத்தரம் உள்ளுக்குள்ளயே புகைஞ்சு தீ பிடிச்சிக்கும். பச்சப் புள்ள இருக்கற வீடு.”

“நெஸ்டாவும் இதையேதான் சொன்னா.”

அவருக்கு விளங்கவில்லை. ஓல்வென் நிதானமாகச் சொன்னாள். நெஸ்டா வந்தது புகைபோக்கியைச் சுத்தம் செய்யத்தான். கருகலைப் பார்த்ததும், சரிசெய்யும்வரை இதைப் பற்ற வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து அளந்து, எப்படிச் சரிசெய்வது என்று வரைந்துகொண்டு போயிருக்கிறாள். யார் இப்படி வைத்தது என்று கேட்டதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர்தான், ஒரு தடவை கை தவறியிருக்கும் என்றாளாம்.

ஓல்வென் மேஜை இழுப்பறையைத் திறந்து, வீட்டுப் பத்திரங்களோடு வந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அடுப்பு வைத்ததற்கான சான்றிதழ். பன்னிரண்டு வருஷப் பழசு.

“கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே?”