பூனை அடைத்த ஜன்னல்

மலையூர் வீடொன்றில், ஜன்னலோரத் தொட்டியில் ஒரு சோற்றுக்கற்றாழை இருந்தது. மார்கழியில் ஜன்னல் கண்ணாடி உடைந்துபோக, குளிர்காற்று நேராக அதன்மேல் அடித்தது. மடல்கள் துவண்டு கொழகொழத்தன.

அடுப்படியில் படுத்திருந்த பூனை அதைப் பார்த்தது. எழுந்து வந்து, உடைந்த இடத்தை முதுகால் அடைத்தபடி தொட்டியை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

“கதகதப்பை விட்டுவிட்டு இங்கே ஏன் நடுங்குகிறாய்?” என்றது கற்றாழை.

“நான் அடுப்பில் காலைச் சுட்டுக்கொண்டபோது உன் சோறுதானே எரிச்சலைத் தணித்தது?”

“நானாகவா தந்தேன்? வீட்டுக்காரி என்னைக் கேட்காமல் வெட்டி எடுத்தாள்.”

“இருக்கட்டும். எரிச்சல் அடங்கியது எனக்குத்தானே தெரியும்” என்றது பூனை.

மாசி பிறந்து வெயில் ஏறியது. பிழைத்துக்கொண்ட கற்றாழை நடுவில் புதுக் குருத்து விட்டது.

“இந்த மடல் உனக்கு. இதை நானாகத் தருகிறேன்.”

“வளரட்டும். அதற்காக இன்னொரு முறை சுட்டுக்கொள்ள மாட்டேன்” என்று சொல்லி, பூனை அதன் பக்கத்திலேயே வெயிலில் நீட்டிப் படுத்தது.