கேட்காமல் மாற்றிய எஞ்சின்

வாகன நிறுத்தத்தின் தார்த்தரையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அக்கா தன் ரிமோட் காரின் மூடியைக் கழற்றிய கையோடு அசையாமல் நிற்கிறாள். சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவள் பதமாகச் சரிசெய்து வைத்திருந்த, எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சினைக் காணோம். அந்த இடத்தில் நூற்கண்டு அளவுக்கு ஒரு பிரஷ்லெஸ் மின்மோட்டார் பளபளக்கிறது. எரிபொருள் தொட்டிக்குப் பதில் பேட்டரி. பழைய எண்ணெய்க் கறையைக்கூட விட்டுவைக்காமல் துடைத்திருக்கிறான் தம்பி. "யாரைக் கேட்டுடா கைய வச்ச?" குரல் தாழ்ந்துதான் வருகிறது, அவனுக்கு அதுதான் பயம். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. அத ஸ்டார்ட் பண்றதுக்குள்ள உனக்குப் பாதி நாள் போயிடுதுக்கா. ஒரு தடவ ஓட்டிப் பாரு, அப்புறம் திட்டு." பல்லைக் கடித்துக்கொண்டு, உடைந்து தொலையட்டும் என்றே ரிமோட்டின் விசையை முழுக்க இழுக்கிறாள். புகையில்லை, உறுமலில்லை; ஒரு மெல்லிய கீச்சொலி, அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் கார் கடைசித் தூணைச் சுற்றி வளைந்து அவள் காலடியில் வந்து நிற்கிறது. பழைய எஞ்சின் ஒருநாளும் இப்படி ஓடியதில்லை. "எப்படி?" என்கிறான் தம்பி, முகமெல்லாம் பல்லாக. "என் எஞ்சின எங்கடா வச்ச?" என்று இப்போதுதான் கத்துகிறாள். கத்திக்கொண்டே விசையை மறுபடியும் இழுக்கிறாள்.