கில்ட் கட்டும் முறை

பின்னாலிருந்து ஒரு கை வந்து சேயோனின் கில்ட்டை இடுப்புவரை தூக்கியது.

அவனுடைய இரண்டு கைகளும் தட்டைப் பிடித்திருந்தன. தட்டு நிறையப் பியர்.

மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் கூவினார்கள். கலியாணத்துக்கு முன்னர் தோழிகளோடு மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கிக் கொண்டாடும் கூட்டம் அது. மணப்பெண்ணின் தலையில் காகிதக் கிரீடம். கில்ட்டைப் பிடித்திருந்தது அவளுடைய கைதான். இன்னொருத்தி கமராவை நீட்டினாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

சேயோன் தட்டைப் போட்டுவிடவில்லை. ஒரு துளியும் சிந்தாமல் அதை மேசையில் இறக்கினான். பிறகுதான் கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் துணியை இழுத்துவிட்டான். அதற்குள் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

உள்ளே கறுப்புக் காற்சட்டை போட்டிருந்தான். பெண்கள் ஏமாற்றத்தோடு ஒரே குரலில் "ஓ..." என்று இழுத்தார்கள். பிறகு அதற்கும் சிரித்தார்கள்.

பியர்க் குழாயடியில் நின்ற சிவகௌரியும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவன் முகம் தெரிந்ததும் அவளுடைய சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

ஜேர்மனியில், கொலோன் பழைய நகரில், ஸ்கொட்லாந்து விஸ்கிக்குப் பெயர்போன மதுச்சாலை அது. அங்கே வேலை செய்யும் ஆண்கள் கில்ட் கட்டவேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ஸ்கொட்லாந்து ஆண்கள் பாவாடைபோலக் கட்டும், முழங்கால்வரை நிற்கும் கட்டம்போட்ட மடிப்புத் துணி. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று யாராவது கேட்டால் கண்ணடித்துவிட்டுப் போகவேண்டும். அதுவும் சட்டம்தான்.

சேயோன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வார இறுதி வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தவள் சிவகௌரி. அவனுடைய தாய் அவளைக் கோயிலில் காண்கிறவள்.

"நீர் நிக்கிற இடந்தானே, எனக்குப் பயமில்லை" என்று சிவகௌரியிடம் சொல்லித்தான் தாய் அவனை அனுப்பினாள்.

முதல் நாள் அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்ததும் சிவகௌரிதான். உட்காரும்போது பின்மடிப்பை இரண்டு கையாலும் தடவிவிட்டு உட்கார். முழங்கால்களைச் சேர்த்து வை. கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடித்து இறங்கி எடு. படியேறும்போது மற்றவர்களை முன்னால் விடு. காற்றடித்தால் வாசலில் நிற்காதே.

பாவாடை கட்டிய வயதில் அவளுடைய தாய் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவை. ஓர் ஆண்பிள்ளைக்கு அதையெல்லாம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"பொம்பிளையளுக்கு ஒவ்வொரு நாளும் இந்தக் கரைச்சலோ அக்கா?" என்று கேட்டான்.

இப்போது அவன் யாரையும் பார்க்காமல் சாமான் அறைக்குள் போனான். சிவகௌரி குழாயை மூடிவிட்டு அவன் பின்னால் போனாள்.

சின்ன யன்னலால் பின்னேர வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சேயோன் ஒரு பியர்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களைச் சேர்த்து வைத்திருந்தான்.

முதலாளியிடம் சொல்கிறேன் என்றாள். அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்பச் சொல்கிறேன் என்றாள். வெட்கங்கெட்டதுகள் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, அந்தப் பொம்பிளை முதல்ல உங்களிட்டை வந்து ஏதோ கேட்டவ. நீங்கள் ஓமெண்டு தலையாட்டினியள். நான் கண்டனான்."

சிவகௌரி உள்ளதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்தச் சத்தத்திலை எனக்கு ஒண்டும் விளங்கேல்லையடா தம்பி. பியர் கேக்கிறாவாக்கும் எண்டு தலையாட்டிப்போட்டன்."

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அப்படியே நம்பினான். அவன் முகத்தில் இருந்த இறுக்கம் கண்முன்னாலேயே தளர்ந்தது.

"ஓம் அக்கா. அவையள் கதைக்கிற டொச் எனக்கே விளங்கேல்லை. நீங்கள் கவலைப்படாதேங்கோ."

அவளைத் தேற்றிவிட்டு எழுந்தான். மடிப்புகளைக் கையால் நீவிக்கொண்டு வேலைக்குப் போனான்.

சிவகௌரி அந்த அறையிலேயே நின்றாள். வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

அந்த மணப்பெண் கத்திக் கேட்கவில்லை. மேசையிலிருந்து எழுந்து, குழாயடிக்கு வந்து, சிவகௌரியின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். வெளிநாட்டுக்காரிக்கு விளங்கவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலக் கேட்டாள். அந்தப் பையனுடைய கில்ட்டைத் தூக்கிப் பார்க்கலாமா? அவன் கோபிப்பானா?

தோழிகள் எல்லோரும் மேசையிலிருந்து சிவகௌரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியர் கேட்பதற்கன்றி இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் எழுந்து வந்ததில்லை. ஒரு பகிடியில் அவளையும் சேர்த்துக்கொண்டதில்லை.

அவள் தலையை ஆட்டியதோடு நிற்கவில்லை.

"பிட்ட ஷேன்" என்றாள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று, பியரை நீட்டும்போது சொல்கிற அதே மரியாதையான குரலில்.